அடுக்களையில் வாழும் தமிழ்



பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலத்தில் குடியேறும் ஒரு குடும்பம் தன்னோடு எவற்றைக் கொண்டுசெல்ல இயலும்? நிலத்தையும் குளத்தையும் கொண்டுசெல்ல இயலாது. ஊர்க் கோயிலையும் பெயர்த்து எடுத்துச் செல்ல இயலாது. மொழி, வழிபாடு, உணவு ஆகிய மூன்றுமே மூட்டை முடிச்சுகளோடு வழிப்பயணம் செய்யத்தக்க செல்வங்கள். இவற்றுள் பெரும்பாலும் முதலில் தேய்வது மொழி. நெடுங்காலம் நிலைத்து நிற்பது உணவு.

இதற்குத் தென்னாப்பிரிக்கத் தமிழரே தக்க சான்று. 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் மக்கள் அதில் இருந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்களுள் மிகப் பலர் இன்று வீட்டில் பேசுவது ஆங்கிலமே. ஆயினும் புரட்டாசி மாதம் பிறந்தால் புலால் நீக்கி நோன்பு இருக்கும் வழக்கம் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. தமிழில் ஒரு வாக்கியம் அமைக்கத் தெரியாதவரும் 'புரட்டாசி' என்னும் சொல்லை அறிவர். மொழி போன பின்னும் அடுப்பு அதனை ஒரு சொல்லளவிலாவது காத்து வந்திருக்கிறது.

இச்செய்தியில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. உணவு எளிதில் அழியாது என்பது ஆறுதல். உணவு மட்டும் எஞ்சி, அதைச் சூழ்ந்திருந்த சொல்லும் பொருளும் கதையும் மறைந்துபோகக் கூடும் என்பது எச்சரிக்கை. பிற மாநிலங்களில் வாழும் தமிழ் இளைஞர்கள் வீட்டு உணவின் வழியாகத் தம் மரபை எவ்வாறு அறிந்துகொள்ளலாம் என்பதைத் திருவனந்தபுரத்தைச் சான்றாகக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

திருவனந்தபுரத்துத் தமிழர்கள் அனைவரையும் குடியேறியவர்கள் என்று கூறுவது முழு உண்மையாகாது. திருவிதாங்கூர் அரசின் பழைய தலைநகரம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, அரண்மனையோடு கணக்கரும் வணிகரும் கைவினைஞரும் வடக்கு நோக்கி வந்தனர். அந்நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் திவானாக இருந்த ராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை உருவாக்கினார். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்ற நாஞ்சில் நாட்டின் விளைபொருள்கள் அச்சந்தைக்கு வந்தன. பொருள்களோடு தமிழ் வணிகரும் வந்தனர். கோட்டைக்குள்ளும், வலியசாலையிலும், கரமனையாற்றின் கரையிலும் அக்கிரகாரங்கள் அமைந்தன. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. அதுவரை ஓர் அரசின் குடிகளாய் இருந்த உறவினர்கள் அன்றுமுதல் இரு மாநிலத்தவர் ஆயினர். நாகர்கோவிலில் அக்காள் வீடும் திருவனந்தபுரத்தில் தங்கை வீடுமாக இருந்த குடும்பங்களில், எல்லைக்கோடு உறவின் குறுக்கே சென்றதேயன்றி உணவின் குறுக்கே செல்லவில்லை.

இன்று இந்நகரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை என்ன? பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் கற்கின்றனர். தோழர்களோடு மலையாளத்தில் உரையாடுகின்றனர். பாட்டியிடம் தமிழில் பேசுகின்றனர். ஆனால் பலருக்குத் தமிழ் எழுத்துகளைப் படிக்க வராது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350-அ பிரிவு கூறுகிறது. 1956 ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு அது. சட்டம் வழிதிறக்கலாம், வீட்டிலே மொழிக்கு ஒரு பயன் இருந்தாலன்றிப் பிள்ளை அவ்வழியே நடக்காது. அன்றாடம் அத்தகைய பயன் தமிழுக்கு உள்ள இடம் அடுக்களை. அடுக்களை என்னும் அச்சொல்லே நாஞ்சில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது.

முதலில் சொல்லின் வழியே தொடங்குவோம். தீபாவளிக்கும் திருமணத்துக்கும் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களில் செய்யும் பணியாரம் முந்திரிக்கொத்து. கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் அது உண்டு. சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலம் சேர்த்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்து, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து, இரண்டு மூன்று உருண்டைகள் ஒட்டியிருக்குமாறு எண்ணெயில் பொரித்தெடுப்பர். இதை உண்ணும் குழந்தை, "இதில் முந்திரிப் பருப்பே இல்லையே, ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்கும். நல்ல கேள்வி. கொடிமுந்திரி என்பது திராட்சைக்குத் தமிழில் வழங்கும் பெயர். மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சைதான். ஒட்டியிருக்கும் உருண்டைகள் திராட்சைக் குலையைப் போலத் தோன்றுவதால் முந்திரிக்கொத்து ஆயிற்று. ஒரு பணியாரத்தின் பெயரை விளக்கும்போது தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுச் சகோதரிகள் என்பது பிள்ளைக்குத் தானே புலப்படுகிறது.

இத்தகைய சொற்கள் பல. பலாவை நாஞ்சில் நாட்டாரும் மலையாளிகளும் 'சக்கை' என்பர். பிற பகுதித் தமிழருக்குச் சக்கை என்பது சாறு போன பின் எஞ்சும் கழிவு. 'கறி' என்றால் தமிழ்நாட்டிற் பலருக்கு இறைச்சி. அக்கிரகாரத்துப் பாட்டிக்கு வதக்கிய காய். மலையாள அயல்வீட்டாருக்குச் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் குழம்பு. தேங்காயையும் மல்லியையும் மிளகாயையும் கருஞ்சிவப்பாகும் வரை வறுத்தரைத்துப் புளியிட்டுச் செய்யும் தீயல் இரு சாராருக்கும் பெயர் மாறாத பொதுச்சொத்து. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர்க்கு அகராதியில் கிடைக்காத நுட்பங்கள் இவை. உண்ணும் இலையருகே அமர்ந்து கற்கும் பிள்ளை இவற்றை முயற்சியின்றியே பெறுகிறது.

இன்னொரு சொல்லையும் கூறவேண்டும். அது 'பதம்'. தமிழில் பதம் என்றால் சொல் என்றும் பொருள். பக்குவம் என்றும் பொருள். வெல்லப்பாகு விரலிடையே நூலாக நீண்டால் கம்பிப் பதம். நீரில் இட்டால் திரண்டு உருண்டால் உருட்டுப் பதம். முந்திரிக்கொத்துக்கு ஒரு பதம், அதிரசத்துக்கு மற்றொரு பதம். இவ்வேறுபாட்டைக் கடிகாரம் காட்டாது, கைவிரல்தான் காட்டும். பாட்டி பாகைத் தொட்டுக் காட்டி, "இதுதான் பதம்" என்று சொல்லும் அந்நொடியில் பொருளும் சொல்லும் ஒருங்கே கைமாறுகின்றன. எழுதி வைத்த சமையற் குறிப்பினின்று பொருளில் பாதியைப் பெறலாம். மீதிப் பாதி அருகில் நின்றவருக்கே கிடைக்கும்.

அடுத்து, நாளும் பண்டிகையும். எந்த உணவு எந்த நாளுக்கு உரியது என்னும் அறிவு தமிழ் ஆண்டின் ஒழுங்கையே கற்பிக்கிறது. கார்த்திகைத் தீபத்தன்று தென்கோடித் தமிழகத்தில் பனங்குருத்தோலைக்குள் மாவை வைத்துக் கட்டி அவித்து ஓலைக்கொழுக்கட்டை செய்வர். நவராத்திரி ஒன்பது நாளும் கொலுவுக்கு வரும் சிறுவர் சிறுமியருக்கு வகைவகையான சுண்டல் உண்டு. நவராத்திரிக்குத் திருவனந்தபுரத்தில் தனிச்சிறப்பு ஒன்றும் உளது. பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் ஊர்வலமாக இந்நகருக்கு எழுந்தருள்கின்றனர். தலைநகர் மாறிய காலத்து வழக்கம், மாநிலம் பிரிந்த பின்னும் நிற்கவில்லை. சுண்டலைக் கையில் வாங்கும் சிறுவனுக்கு இவ்வரலாற்றை இரண்டு வாக்கியங்களில் சொன்னால், தன் முன்னோர் வந்த வழியை அவன் தெரிந்துகொள்கிறான்.

மாசி மாதத்தில் நிகழும் ஆற்றுகால் பொங்காலை இன்னும் பெரியதொரு காட்சி. மதுரையை எரித்த கண்ணகி தெற்கு வழியாகச் சேரநாடு புகுந்தபோது ஆற்றுகாலில் தங்கினாள் என்பது அக்கோயிலைச் சார்ந்த நம்பிக்கை. திருவிழா நாள்களில் கண்ணகியின் கதை அங்குத் தோற்றம்பாட்டாகப் பாடப்படுகிறது. பொங்காலை நாளில் நகரத்தின் சாலையோரமெங்கும் பெண்கள் செங்கல் அடுப்புக் கூட்டிப் புதுப்பானையில் பொங்கலிடுவர். 2009 ஆம் ஆண்டில் 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு கூறுகிறது. கோயிலின் பண்டார அடுப்பில் முதலில் மூட்டும் தீ அடுத்த அடுப்புக்கும், அதிலிருந்து அதற்கடுத்த அடுப்புக்கும் செல்கிறது. கொள்ளைநோய் பரவிய 2021, 2022 ஆம் ஆண்டுகளில் மக்கள் தத்தம் வீட்டிலேயே பொங்காலை இட்டு வழக்கத்தைக் காத்தனர்.

பொங்காலைப் பானையருகே வேறு இரு பண்டங்களையும் காணலாம். மணமுள்ள காட்டு இலவங்க இலையில் மாவை மடித்து அவித்த தெரளியப்பம் ஒன்று. பயற்றுமாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து செய்யும் மண்டைப்புற்று மற்றொன்று. தலைநோய் தீர இதனைப் படைப்பதாக வேண்டிக்கொள்வர். கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டுப் பகவதி கோயிலிலோ அதே வேண்டுதலுக்கு மண்டையப்பம் படைக்கப்படுகிறது. ஒரே நம்பிக்கை, ஏறத்தாழ ஒரே பெயர், எல்லைக்கோட்டின் இருபுறத்தும் ஒரே மாசி மாதம். இதைக் கண்ட இளைஞன், "நாம் தமிழர், அவர் மலையாளி" என்று வேலி கட்டுவதற்கு முன் சற்று நின்று எண்ணுவான். தன் மரபை ஆழ்ந்து அறிபவன் அயலார் மரபையும் மதிக்கக் கற்கிறான்.

திருவனந்தபுரத்து விருந்தில் போளி பரிமாறப்படும் முறையும் இதையே உணர்த்துகிறது. கடலைப்பருப்புப் பூரணம் வைத்த போளியைத் தமிழ்நாட்டில் நெய் விட்டு உண்பர். இந்நகரத்தார் இலையில் போளியை வைத்து, அதன்மேல் பால்பாயசத்தையோ சேமியாப் பாயசத்தையோ ஊற்றிப் பிசைந்து உண்பர். வடகேரளத்தாருக்கு இது வியப்பு, தமிழ்நாட்டாருக்கும் வியப்பு. இரு மரபுகள் ஓரிடத்தில் நெடுங்காலம் கூடி வாழ்ந்ததன் கனி அது. 'கலப்பற்ற தமிழ் உணவு எது?' என்று தேடுவதைக் காட்டிலும், 'இந்த உணவு நம்மிடம் எவ்வாறு வந்தது?' என்று கேட்பது இளைஞர்க்குப் பயன் தரும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கலாகாது. நம் உணவு மரபில் போற்றத்தக்கவை மட்டுமே உள்ளன என்று பிள்ளைகளிடம் கூறுவது நேர்மையாகாது. திருவிதாங்கூரின் அரசுச் செலவில் நடந்த ஊட்டுப்புரைகளில் உணவு அந்தணர்க்கே அளிக்கப்பட்டது. யார் சமைத்ததை யார் உண்ணலாம், யார் எந்தப் பந்தியில் அமரலாம் என்று வகுத்த தீண்டாமையும் அதே அடுப்படியைச் சுற்றியே வளர்ந்தது. அதனை எதிர்த்தவர்களுள் ஒருவர் இந்நகரில் வாழ்ந்த தமிழர் என்பது நமக்குப் பெருமை. தைக்காடு அய்யாவு சுவாமிகள் (1814 - 1909) தைப்பூச நாளில் எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தார். ஸ்ரீ நாராயண குருவும் சட்டம்பி சுவாமிகளும் அவரிடம் பயின்றவர்கள். 1917 ஆம் ஆண்டில் சகோதரன் ஐயப்பன் கொச்சி நாட்டுச் செறாயியில் நடத்திய சமபந்தி விருந்தும் இவ்வழியில் வந்ததே. ஆகவே பாட்டியின் தீயலையும் போளியையும் கற்கும் பிள்ளை, இந்தப் பந்தியின் கதையையும் கற்க வேண்டும். பழைய விலக்குகளைச் சமையற் குறிப்போடு சேர்த்துக் கைமாற்ற வேண்டுவதில்லை.

மரபு தானாகவே தொடரும் என்று நம்பியிருத்தலும் தகாது. பாலக்காடு மாவட்டத்தில் இராமசேரி என்னும் சிற்றூர் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து முன்னாளில் வந்ததாகக் கூறும் முதலியார் குடும்பங்கள் அங்கே தனிவகை இட்டிலி செய்கின்றன. மண்பானையின் வாயில் கயிற்றுவலை கட்டித் துணி விரித்து அவிக்கும் அந்த இட்டிலி, சிறு தோசை போல் தட்டையாக இருக்கும். நாடெங்கும் புகழ் பரவியிருக்கிறது. ஆனால் செய்யும் குடும்பங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கன. உண்பவர் பெருகுவதால் மட்டும் ஒரு கைத்திறன் வாழ்ந்துவிடாது, செய்பவர் வேண்டும். யுனெஸ்கோ நிறுவனம் 2003 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையும் இதையே வற்புறுத்துகிறது. கட்டடங்களைப் போலவே வாழும் வழக்கங்களையும் மரபுச் செல்வமாக அது கருதுகிறது. கொரிய மக்கள் குளிர்காலத்துக்கெனக் குடும்பத்தாரும் அயலாரும் கூடிக் கிம்ச்சி ஊறுகாய் போடும் வழக்கம் 2013 ஆம் ஆண்டில் அப்பட்டியலில் இடம்பெற்றது. கூடிச் செய்யும் வழக்கமே அங்குச் சிறப்பாகப் போற்றப்பட்டது.

இளைஞர்கள் வீட்டு உணவை மதிப்பதில்லை என்று முதியோர் குறைகூறுவதுண்டு. அக்குறையை முழுதும் ஏற்பதற்கில்லை. தாயும் தந்தையும் அலுவலகம் செல்லும் வீட்டில் அரைத்த மாவும் பொடித்த மசாலையும் கடையிலிருந்து வருவது இயல்பே. அன்றியும், பண்பாட்டைக் காக்கும் சுமை முழுவதையும் பெண்களின் தோளில் ஏற்றிவிட்டு, ஆண்கள் இலை முன் அமர்ந்து பெருமை பேசுவது முறையாகாது. மகளைப் போலவே மகனும் அம்மியருகே நிற்கட்டும். நாள்தோறும் இயலாவிடில் மாதம் ஒரு நாள் போதும்.

அந்த ஒரு நாளை எவ்வாறு பயன்படுத்துவது? பெரியோர் 'ஒரு கை', 'சிறங்கை', 'கண்ணளவு' என்றே கணக்குச் சொல்வர். அவர்கள் கையிலெடுத்ததைச் சட்டியில் இடுமுன் பேரப்பிள்ளை ஒரு தராசிலோ ஆழாக்கிலோ அளந்து குறித்துக்கொள்ளலாம். நாலைந்து முறை அளந்தால் பாட்டியின் கையளவு பிள்ளையின் ஏட்டில் பதிந்துவிடும். அக்குறிப்பைத் தமிழ் எழுத்திலேயே எழுதச் செய்வது நன்று. பாடநூலில் எழுத்துக் கற்கச் சலிக்கும் பிள்ளை, தனக்குப் பிடித்த பண்டத்தின் பெயரை எழுதச் சலிப்பதில்லை. உப்பு, புளி, கடுகு, சுக்கு என்னும் சிறு சொற்களில் தொடங்கினால் சில திங்களில் ஒரு முழுக் குறிப்பையே எழுதிவிடும். பண்டத்தின் பெயர், அதன் காரணம், அதற்குரிய நாள், யாரிடமிருந்து கற்றது, அவர் எந்த ஊரினர் ஆகிய ஐந்தையும் ஏட்டின் தலைப்பில் எழுதட்டும். அந்த ஏடு சமையற் புத்தகமாகவும் குடும்ப வரலாறாகவும் விளங்கும். பாட்டியின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து வைப்பதும் இக்காலத்தில் எளிது. இணையத்தில் ஆயிரம் சமையற் காட்சிகள் கிடைக்கலாம். ஆனால் நம் வீட்டுத் தீயல் அங்கே கிடைக்காது.

இவ்வேலையைத் தள்ளிப்போட இயலாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எழுத்தில் இல்லாத அறிவு, அதனை உடையவரின் வாழ்நாள் அளவே வாழும். ஒரு வீட்டில் மூத்தவர் மறைந்த பின், "அந்த வடகத்துக்கு என்ன சேர்ப்பார்கள்?" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை நாம் எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்! விடை சொல்ல ஒருவரும் இரார். அந்தக் கேள்வியை இன்றே கேட்டால், விடை சொல்வதற்கு ஆள் இருக்கிறார். சொல்வதிலே அவருக்கு மகிழ்ச்சியும் இருக்கிறது.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்களுக்கும் இது பொருந்தும். ஊருக்கு ஊர் அயல்மொழி வேறாகலாம். அடுத்த வீட்டு உணவும் வேறாகலாம். ஆயினும் அடுக்களையில் தமிழ் ஒலிக்குமாயின், அங்கே வளரும் பிள்ளை தமிழை அயலாகக் கருதாது. வரும் விடுமுறை நாளில் வீட்டிலுள்ள மூத்தவரை அடுப்பருகே அமரச் செய்து, இளையவர் கையில் ஓர் ஏட்டையும் எழுதுகோலையும் கொடுங்கள். முதற்பக்கத்தில் எந்தப் பண்டம் இடம்பெற வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.